தண்ணீர் ஓட்டிப் பார்த்திருக்கலாம்

செப்டம்பர் 28, சனி

இன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை லைன் ஒரு தடவைகூட அடைக்காமல் ஓடியது. எழுதும்போதே கண் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பீளமேட்டில் ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில் நான் என்னதான் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரருக்கே இன்னும் சரியாகத் தெரியாது. "ஏதோ கறுப்புத் தண்ணி காய்ச்சறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காய்ச்சுவதில்லை. ஒரு பம்பு இரும்பு உப்புக் கரைசலைத் தள்ளும், இன்னொன்று அமோனியாவைத் தள்ளும். இரண்டும் மெல்லிய ட்யூப்பில் சந்திக்கிற இடத்திலேயே கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பிறந்துவிடும், மை போலக் கறுப்பாக. பிறந்த மேனிக்கு விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதனால் அடுத்த வளைவிலேயே மூன்றாவது பம்பு பாலிமரைக் கொண்டுவந்து ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சட்டை போட்டுவிடும். அப்புறம் வெந்நீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாகப் போய், கறுப்புப் பெட்டியைத் தாண்டி, பாட்டிலில் சொட்டும். பாத்திரத்தில் கொட்டிக் கிண்டுகிற கதையே கிடையாது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் துகள் ட்யூப்பிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும்.

கறுப்புப் பெட்டி ஜெசிந்தாவின் கைவேலை. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதற்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தை அளக்கிற கண். குழாயில் ஓடுவது எவ்வளவு கலங்கல் என்று திரையில் எண் வரும். வெறும் தண்ணீருக்குப் பூஜ்யம். நம் சரக்குக்குப் பத்துக்குள் இருந்தால் சட்டை பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். முப்பதைத் தாண்டினால் துகள்கள் கட்டிக்கொள்கின்றன. வெளி வெளிச்சம் புகக்கூடாது என்று மூடியைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். அவளைத் தவிர யாரும் திறக்கக்கூடாதாம். யாரும் என்றால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள் இங்கே?

இன்று நாள் முழுக்க எட்டு. ஜெசி திரையைப் பார்த்துக்கொண்டு, "ஏட்டி வசு, சர்ச்சுக்குப் போயி ஒரு மெழுகுத்திரி ஏத்திட்டு வரட்டா?" என்றாள். இருபது வருஷம் கோயம்புத்தூரில் இருந்திருந்தால்கூட அவள் தூத்துக்குடிப் பேச்சு மாறியிருக்காது. வந்து நாலு வருஷம்தான் ஆகிறது.

அக்டோபர் 5, சனி

கேஸ் தீர்ந்தது. சிலிண்டர்காரன் வரவில்லை. இண்டக்‌ஷனில் அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. ஜெசி மேலாக எடுத்துச் சாப்பிட்டாள். எம்.எஸ்ஸி. விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து என் சமையலுக்குப் பழகியவள்.

ஹைதராபாத்காரர்கள் 24ஆம் தேதி வருகிறார்கள். காசநோயைக் கண்டுபிடிக்கிற கிட் செய்கிற கம்பெனி. சளியிலிருந்து கிருமியின் மரபுப்பொருளை மட்டும் காந்தத்தால் இழுத்தெடுக்க நம்முடைய துகள் வேண்டும். சட்டை சரியாக இருந்தால்தான் இழுக்கும். அவர்கள் ஆள் ஸ்ரீகாந்த் போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "காலைலேர்ந்து மாலை வரைக்கும் லைன் ஓடணும் மேடம், ரீடிங் அசையாம இருக்கணும். அது போதும்."

இது நடந்தால் ஜெசியின் பாலிமர் நாலு மாநிலத்துக்குப் போகும். அது நடக்க வேண்டும். அவள் தூத்துக்குடியில் கல்லூரி வேலையை, அதுவும் நிரந்தர வேலையை, விட்டுவிட்டு வந்தது என் ஒரு போன் பேச்சை நம்பித்தான். "வாடி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம்" என்றேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை, வந்துவிட்டாள்.

நாளை ஊருக்குப் போகிறாள். அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன். போவதற்கு முன்னால் புதுப் பாலிமர் ஒரு லாட் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். இனி பூஜை கழிந்து அவள் வந்த பிறகுதான் லைன் ஓடும்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கீழே சம்பத்தின் பட்டறையில் விடிகாலையே வாழைக்கன்று கட்டிவிட்டார்கள். பொரி, கடலை, அவல் எல்லாம் எனக்கும் ஒரு பங்கு வந்தது. மாடி முழுக்கக் கழுவித் துடைத்தேன். பம்புகளைத் துடைத்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன். சம்பத் எட்டிப் பார்த்து, "ஏனுங் மேடம், எங்க மோட்டாரெல்லாம் உங்க பம்புகிட்டப் பிச்சை வாங்கணுமுங்க" என்று சிரித்தார்.

ஜெசி போன் செய்தாள். அம்மாவுக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது, சுவரில் ஓடுகிற பல்லி வரைக்கும் தெரிகிறதாம். "எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சா? எனக்குப் பொரி எடுத்து வையி. எம் பெட்டியத் தொட்டுராத, என்ன?" என்றாள். சரி என்றேன். அவள் நிம்மதிக்காகச் சொன்ன சரி.

மற்ற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அதை மட்டும் விட மனசு வரவில்லை. இந்த லைனுக்கே அதுதான் கண். 24ஆம் தேதி அதுதானே பேசப்போகிறது? வெளியே வைக்கலாம் என்றால் முழுக்க டேப். மெதுவாகப் பிரித்து உள்ளே கிடைத்த இடத்தில் விரல் நுனியால் சந்தனம் இட்டு, மேலே குங்குமம் வைத்தேன். கண் மூடிக் கும்பிட்டேன். ஜெசிக்காகத்தான் கும்பிட்டேன், சத்தியமாக.

மஞ்சள் டேப் எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. சாதா டேப் ஒட்டி மூடினேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. கருவிகளுக்கு ஓய்வு. எனக்கு இல்லை, வீட்டில் ஒட்டடை.

அக்டோபர் 14, திங்கள்

முப்பத்தைந்து.

காலையில் ஜெசி வந்ததும் ஆரம்பித்தோம். புதுப் பாலிமர் லாட். முதலில் வருவதை வழக்கம்போலக் கீழே விட்டோம். அரை மணி கழித்தும் முப்பத்தைந்து. பம்பு வேகத்தை மாற்றினோம், தொட்டிச் சூட்டைக் குறைத்தோம். முப்பத்தைந்து, முப்பத்தாறு, மறுபடி முப்பத்தைந்து.

ஜெசி முதலில் பார்த்தது பெட்டியைத்தான். "டேப்பு மாறியிருக்கே. தொறந்தியா?" என்றாள். "டேப் பிஞ்சிருந்துச்சு, மேல ஒட்டினேன்" என்றேன். பொய் என்று சொல்லிவிட முடியாது, டேப் பிய்ந்துதானே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, அப்ப பெட்டி இல்ல" என்று பம்புகளிடம் போய்விட்டாள்.

அவள் பெட்டியைத் தொடாதே என்றதும் நான் தொட்டதும் தெரிந்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டுவாள். ஒரு பொட்டுக்காக அந்தப் பேச்செல்லாம் எதற்கு?

பாலிமர்தான் காரணமாக இருக்க வேண்டும். ஊருக்குப் போகிற அவசரத்தில் செய்தது.

அக்டோபர் 16, புதன்

முப்பத்தைந்து. ஜெசி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "முந்தா நாள் புடிச்சது. அடியில ஒண்ணாச்சும் படிஞ்சிருக்கா பாரு. கட்டி இருந்தா இந்நேரம் கீழ எறங்கியிருக்கும். சரக்கு நல்லாருக்கு வசு. ரீடிங்குதான் தப்பு."

"கண்ணு சொல்றத நம்பறதா, கருவி சொல்றத நம்பறதாடி? ரெண்டு பேரும் கெமிஸ்ட்ரி படிச்சவங்கதானே?"

"அப்பக் கருவியையே கேப்போம். இரும்ப நிறுத்திட்டு வெறுந்தண்ணி ஓட்டிப் பாப்போம். தண்ணிக்கு பூஜ்யம் வந்தா எம் பாலிமரு தப்பு, ஒத்துக்கிடுதேன்."

நிறுத்தினால் அடைப்பு வரும், கழுவ வேண்டும், திரும்ப ஆரம்பித்தால் ஒரு நாள் போய்விடும் என்றேன். தண்ணீருக்கு ஆகஸ்டில்தான் பூஜ்யம் பார்த்து வைத்திருக்கிறோம். அதற்கப்புறம் பெட்டிக்குள் எதுவும் மாறவில்லையே என்றேன்.

என்றேன், ஆமாம்.

அந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து, துகள் அளவு பார்க்கச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினாள். அங்கே வரிசை நீளம். முடிவு வர ஒரு மாசம் ஆகுமாம். 24க்குப் பிறகு வந்து என்ன பிரயோஜனம்?

அக்டோபர் 18, வெள்ளி

மறுபடி கேட்டாள், தண்ணீர் ஓட்டலாமா என்று. மறுபடி வேண்டாம் என்றேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்திருந்தாள், அவள் அம்மா கொடுத்தனுப்பியது. டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தாள். நான் எடுத்துக்கொண்டேன். ருசியாக இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்காரருக்கு மூட்டு வலி. தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஜெசி விடுமுறையைக்கூட விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு லாட் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் செய்தது. அதுவும் முப்பத்தைந்து.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். கை முழுக்க வியர்த்து வெளுத்திருந்தது. "வசு, கடைசியாக் கேக்கேன். நாளைக்கு காலம்பற தண்ணி ஓட்டிப் பாத்துருவோம். எனக்காக."

மூன்றாவது தடவை. நாளை ஒரு நாள் போனால் மறுநாள் ஸ்ரீகாந்த் வந்து நிற்பார், லைன் அடைத்துக் கிடந்தால் என்ன செய்வது? வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, கீழே பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

அவள் போன பிறகு பெட்டியின் பக்கத்தில் நின்றேன். திறந்து பார்க்கலாமா என்று தோன்றியது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சும்மாதான் தோன்றியது. திறக்கவில்லை. ஸ்ரீகாந்த் வருவதற்குள் மாடிப்படி துடைக்க வேண்டும், வாசலில் கோலம், டிபனுக்குச் சொல்ல வேண்டும். வேலை தலைக்குமேல் கிடக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

வந்தார்கள், போனார்கள்.

ஸ்ரீகாந்த் சின்னப் பையன் போலத்தான் இருக்கிறார், முப்பத்தைந்து வயசு இருக்கும். சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். கூட ஒரு பெண், வாயே திறக்காமல் போட்டோ மட்டும் எடுத்தாள். லைன் அழகாக ஓடியது. அடைப்பே இல்லை. அவர் பாட்டில் பக்கம்கூடத் திரும்பவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தஞ்சு காட்டுதே மேடம். நீங்க அனுப்பின டேட்டாவுல எட்டுதானே?"

ஜெசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"லைன்ல ஒண்ணும் குறையில்லீங்க. பாலிமர்தான் இந்தத் தடவை சரியா அமையல. அது ஜெசிந்தா மேடம் பொறுப்பு. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன், பாவம், அந்த நெனப்புலயே செஞ்சது. வேற பாலிமர் மாத்திட்டா எட்டுக்கு வந்துருமுங்க."

பாவம் என்று வேறு சொன்னேன்.

ஜெசி என்னைப் பார்க்கவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு தொட்டிப் பக்கம் போய், கழுவ வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பாட்டிலைக் கழுவ ஆரம்பித்தாள். அவர்கள் கிளம்புகிற வரைக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஸ்ரீகாந்த் மரியாதையாகத்தான் சொன்னார். "மாத்திக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்." படியிறங்கும்போது கொலு முடிந்த வீடு மாதிரி எனக்குள் எல்லாம் காலியாக இருந்தது. மேலே வந்தேன். ஜெசி பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தலவலி. போறேன்" என்றாள். ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். லைன் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நம்பினால்தானே இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்? நாளைக்கு நிதானமாகச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

அக்டோபர் 25, வெள்ளி

வரவில்லை. போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளித் துணி எடுக்கப் பொள்ளாச்சி போய்த் திரும்பும்போது சாயங்காலம். சம்பத் வீட்டுக்கே வந்து சாவியைக் கொடுத்தார். "ஜெசிந்தா மேடம் மதியம் வந்தாங்க. அவங்க சாமானெல்லாம் எடுத்துட்டு, சாவிய உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க. ஊருக்குப் போறாங்களாட்டம் இருக்குதுங்க."

ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. படியிறங்கறப்ப அழுதாங்க."

நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. நேரில் வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அழுதிருப்போம், முடிந்திருக்கும். விடுதியில் அப்படித்தானே எத்தனை சண்டை முடிந்தது?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நாலு வருஷமாக அவள் இட்லிக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், டிசம்பரில் நான் கேக்குக்கு அவள் வீட்டுக்குப் போவேன். இன்று பழக்கத்தில் அவளுக்கும் சேர்த்து மாவு ஊற்றிவிட்டேன். மிச்சத்தை உதிர்த்துத் தாளித்தேன்.

வீட்டுக்காரர், "ஜெசிந்தா வரலியா?" என்றார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அந்த அம்மாவின் பேரைச் சொல்லி இது இரண்டாவது பொய்.

நவம்பர் 6, புதன்

வெளியிலிருந்து வாங்கிய பாலிமர் வந்தது. பாட்டிலில் அழகான லேபிள். தனியாக லைனை ஓட்டுவது சுலபமில்லை. ஒரு பம்பைப் பார்த்தால் இன்னொன்று. மூன்று பம்பையும் அவள் எப்படித்தான் பாட்டுப் பாடிக்கொண்டே பார்த்தாளோ.

முப்பத்தாறு.

ஸ்டூலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வாங்கின பாலிமரும் சரியில்லை என்று முடிவு செய்தேன். திருப்பி அனுப்ப வேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

சென்னையிலிருந்து முடிவு வந்தது.

ஜெசியின் பாலிமர். அக்டோபர் 14 பிடித்த சரக்கு. துகள்கள் எல்லாம் ஒரே அளவு. கட்டி ஒன்றுகூட இல்லை. சட்டை முழுசாகப் பொருந்தியிருக்கிறது. கீழே அந்தப் பரிசோதனைக்காரர் தானாக ஒரு வரி சேர்த்திருந்தார், இவ்வளவு சீரான சரக்கை அவர் சமீபத்தில் பார்த்ததில்லை என்று.

நவம்பர் 16, சனி

காலையில் மார்க்கெட். சின்ன வெங்காயம் நன்றாக இருந்தது. தேங்காய் எண்ணெய் ஆட்டக் கொடுத்தேன். மெத்தை உறைகளைத் துவைத்தேன். அலமாரியில் பழைய புடவைகளை எடுத்து மடித்து வைத்தேன். வீட்டுக்காரரின் தைலம் வாங்கினேன், ஒன்றுக்கு இரண்டாக. வெயில் நன்றாக அடித்ததால் மிளகாயைக் காயப் போட்டேன். மாடிக்குப் போகவில்லை. போகத் தேவையும் இல்லை, சனிக்கிழமைதானே.

நவம்பர் 18, திங்கள்

போனேன்.

எனக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால், போன மாசம் 22ஆம் தேதி பெட்டிப் பக்கத்தில் நின்றேனே, அப்போதே தெரியும். இங்கேகூட அதை எழுதத் தைரியம் வரவில்லை.

பெட்டியை முன்னால் இழுத்தேன். மூடியைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது.

நான் ஒட்டியது சாதா டேப். 24ஆம் தேதி ஸ்ரீகாந்த் வந்தபோதும் சாதா டேப்தான், அது அசிங்கமாகத் தெரிகிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் பெட்டியை நான் கவனித்துப் பார்க்கவே இல்லை. ஓரங்களை விரல் நகத்தால் நீவி, மூலைகளைச் சதுரமாக மடித்து ஒட்டுவது ஜெசியின் பழக்கம். இதுவும் அப்படித்தான் இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

பிரித்தேன். சந்தன வாசனை இன்னும் லேசாக இருந்தது. கண்ணாடிக் குழாயின் மேல், விளக்குக்கு நேர் எதிரே, என் பொட்டு. சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம். அளந்து வைத்தாற்போல அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அவள் பார்த்திருக்கிறாள். துடைக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அழகாக டேப் ஒட்டி மூடிவிட்டுப் படியிறங்கும்போது அழுதிருக்கிறாள்.

நானும் துடைக்கவில்லை. கை வரவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

பத்து மணிக்கு மேல் அழைத்தேன். அவள் அம்மா எடுத்தார். "யாரு, வசுவா? நல்லாருக்கியா தாயி? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது பாத்துக்கோ. எங்க, ஒன்னத்தான் காணோம்" என்றார். மகள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இந்த அம்மாவைத்தான் நான் சபையில் இழுத்தேன்.

ஜெசி வந்தாள். பெட்டியைத் திறந்தேன் என்றேன்.

"பாத்தியா" என்றாள். கேள்வி மாதிரிக்கூட இல்லை.

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? ஒரு ஈரத்துணி எடுத்து தொடச்சா ரீடிங்கு எறங்கியிரும். அதச் செய்ய எனக்கு ஒரு நிமிசம் ஆவாது. ஆனா அது நீ ஆசையா வச்ச பொட்டு வசு. எனக்காகத்தான் வச்சிருப்பன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. அதுல எனக்குக் கோவமே இல்ல."

"அப்புறம்?"

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"தொறந்தியான்னு கேட்டேன். இல்லன்ன மாதிரி ஒரு பதில் சொன்ன. நான் நம்பிட்டேன். வசு பொய் சொல்ல மாட்டான்னு அந்தப் பெட்டிய அதுக்கப்பறம் சந்தேகப்படவே இல்ல, எம் பாலிமரத்தான் சந்தேகப்பட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம, எங்க தப்பு விட்டேன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டேன். நான் தண்ணி ஓட்டிப் பாப்போம்னு சொன்னேன். நீ ஒருதடவ கூட நம்பல. எனக்காகன்னுகூடக் கேட்டேனே."

மன்னித்துவிடு என்றேன். அழுதேன். திரும்பி வந்துவிடு, எல்லாம் முன்போல இருக்கும் என்றேன்.

"மன்னிச்சாச்சு, அத விடு. ஆனா வர மாட்டேன்ட்டி. இனிமே ஒவ்வொரு ரீடிங்குக்கும் நீ என்ன நம்புதியா இல்லியான்னு ஒம் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது." பிறகு அவளுக்கே உரிய அந்தக் குரலில், "எங்கிட்ட அழுது என்ன? அந்த ஐதராபாத் பையங்கிட்டச் சொன்னியே, அவங்கிட்டச் சொல்லு" என்றாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 21, வியாழன்

ஸ்ரீகாந்திடம் பேசினேன். சுற்றி வளைக்கவில்லை. பாலிமர் சரியாகவே இருந்தது, கண்ணாடியில் நான் வைத்த பூஜைப் பொட்டுதான் ரீடிங்கைக் கெடுத்தது, அதை நான் மறைத்தேன், உங்கள் முன்னால் ஜெசிந்தா மேல் பழி போட்டேன் என்றேன். சென்னை முடிவை அனுப்பினேன்.

முதலில் சிரித்தார். "எங்க ஆபீஸ்ல பிரிண்டருக்குக் குங்குமம் வச்சு ஒரு மாசம் செகப்பா அடிச்சுது மேடம்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு முடிவைப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஜெசிந்தா மேடம் இப்ப உங்ககூட இல்லையா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப அவங்க நம்பர் தர முடியுமா? நாங்களே இங்க ஒரு லைன் போடறதா இருக்கோம். அவங்க மாதிரி ஒருத்தரத்தான் தேடிட்டிருந்தோம்னு வெச்சுக்குங்க. தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைத்தேன். ஒரு கணம் நன்றாகவே நினைத்தேன். அவள் போனால் இந்த மாடியில் இருப்பது மூன்று பம்பும் ஒரு சுருள் ட்யூப்பும்தான். நம்பர் கைவசம் இல்லை, தேடி அனுப்புகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இருபது வருஷமாக மனப்பாடமாக இருக்கிற நம்பர் அது.

சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு இரண்டாவது தடவை சரிபார்க்கச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

நவம்பர் 25, திங்கள்

ஜெசியிடமிருந்து ஒரு மெசேஜ். ஹைதராபாத்தில் அடுத்த மாசம் சேர்கிறாளாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம். கடைசியில், இந்தத் தடவை கேக்குக்குக் கூப்பிட முடியாது, அனுப்பி வைக்கிறேன் என்று போட்டிருந்தாள். பதில் எழுதி எழுதி அழித்தேன். சந்தோஷம் என்று மட்டும் அனுப்பினேன். சந்தோஷம்தான். வயிறு எரிகிற சந்தோஷம்.

பொட்டை இன்னும் துடைக்கவில்லை. துடைப்பதற்கு முன்னால் அவள் கேட்டதைச் செய்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. காலையில் லைனை ஓட்டினேன். திரையில் முப்பத்தைந்து வந்ததும் இரும்பையும் அமோனியாவையும் பாலிமரையும் எடுத்துவிட்டு, மூன்று பம்புக்கும் டிஸ்டில்டு வாட்டர் கொடுத்தேன். கீழே போனேன். சம்பத் டீ வாங்கித் தந்தார். மழை வருமா என்று இரண்டு வார்த்தை பேசினோம். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்தேன்.

ட்யூப் முழுக்க வெளுத்திருந்தது. எங்கும் அடைக்கவில்லை. பாட்டிலில் சொட்டியது சுத்தமான தண்ணீர். பூஜ்யம் வர வேண்டிய அந்தத் தண்ணீருக்குத் திரை இருபத்தேழு காட்டியது. அதோடு சரக்கின் எட்டைச் சேர்த்தால் முப்பத்தைந்து.

ஒரு நாள் வீணாகும் என்று சொன்னேனே. ஒரு டீ குடிக்கிற நேரம்தான் அவள் என்னிடம் கேட்டாள்.